தாளில் இல்லாத ஏழாம் எண்

ஸ்ரீவில்லிபுத்தூர்
12.2.1994

அத்தான் அவர்களுக்கு,

நான் மௌனமாக இருந்தது போதும். ஆறரை வருஷம் இருந்துவிட்டேன். நேற்று ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார் சங்கரலிங்கம் ஒரு தினசரியை என் முன்னால் போட்டு, "சார், இது உங்க அக்கா வீட்டுக்காரர்தான? மரத்தூள்ல எண்ணெய் எடுக்காராமே" என்று கேட்டார். மூன்றாம் பக்கத்தில் உங்கள் படம். பக்கத்தில் ஒரு டிரம். ராஜபாளையம் மர அறுவை மில் உரிமையாளர் ஐயாதுரை, வீணாகும் மரத்தூளிலிருந்து பாய்லருக்கு எரியெண்ணெய் தயாரித்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறார்கள். நான் முழுவதும் படித்தேன். இரண்டு முறை படித்தேன். என் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. 1985 சித்திரையில் உங்கள் மில்லின் பின்புறம் மரத்தூள் மேடு உள்ளுக்குள்ளேயே கனன்று நான்கு நாள் புகைந்தது. மேலே இருந்த தகரக் கூரையிலிருந்து கறுப்பாக ஏதோ சொட்டியது. எல்லாரும் தண்ணீர் ஊற்றுவதிலேயே குறியாக இருந்தபோது அந்தச் சொட்டை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து வந்து, காற்றுப் படாமல் மரத்தைச் சூடாக்கினால் அதன் ஆவி குளிர்ந்து இப்படி எண்ணெயாகும் என்று சொன்னது யார்? பள்ளி ஆய்வகத்தில் லிட்டர் லிட்டராகச் சோதித்தது யார்? அக்காவுக்குச் சீராகக் கொடுத்த எவர்சில்வர் குடத்தில்தான் முதல் எண்ணெயைப் பிடித்தோம். இரும்பை அது அரித்துவிடும், எவர்சில்வரை ஒன்றும் செய்யாது என்று கண்டுபிடித்தவனும் நான்தான்.

பெயரை விட்டதைக்கூட விட்டுவிடுவேன். 1987 ஆவணியில் சத்திரப்பட்டி ரோட்டு வெளுப்புப் பட்டறையில் முதல் சோதனை வைத்தீர்கள். என்னை எப்படி அழைத்தீர்கள்? லாரி டிரைவரிடம் சொல்லி அனுப்பினீர்கள். அக்காளும் நீங்களும் வீட்டுக்கு வந்து, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்க வேண்டாமா? கல்யாணத்துக்கு மட்டும்தான் அந்த முறையா? நான் வரவில்லை. பர்னர் அடைத்துக்கொண்டு, அதைத் திறந்த பாய்லர் ஆள் தவசிமுத்துவின் வலது கை வெந்தது. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்துப் பேர் முன்னிலையில் நீங்கள் சொன்ன வார்த்தை எனக்கு மறுநாளே வந்து சேர்ந்துவிட்டது. "எல்லாம் வாத்தியார் எண்ணெய் செஞ்ச வேலை."

எண்ணெய் நல்ல எண்ணெய். இன்றைக்கும் சொல்கிறேன். நிலத்தடியிலிருந்து தோண்டி எடுத்துத் தீர்ந்துபோகிற பொருளல்ல அது. வெட்டிய இடத்தில் மரம் நடுகிறவரை வந்துகொண்டே இருக்கும். அதில் குறை எதுவும் இல்லை.

அந்தத் தினசரிக்குத் திருத்தம் எழுதிப் போடுங்கள். வெளியே போகிற ஒவ்வொரு டிரம்மிலும் இதைக் கண்டுபிடித்தவன் பெயர் இருக்கவேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
சு. சுயம்புலிங்கம், எம்.எஸ்ஸி.

*

ராஜபாளையம்
17.2.94

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடுதாசி வந்துச்சு. உங்க அக்கா பரிபூரணந்தான் பிரிச்சா. படிச்சிட்டு, "தம்பி நல்லா இருக்கானாம்"னு மட்டும் சொல்லிட்டு அடுக்களைக்குப் போயிட்டா. பொறவு நான் படிச்சேன். நீ நல்லா இருக்கதா அதுல ஒரு எழுத்தும் இல்ல.

பதினொரு கிலோமீட்டர் மாப்பிள்ளை. பஸ்ஸுல ஏறி உக்காந்து சீட்டு வாங்குறதுக்குள்ள ஊர் வந்துரும். அதுக்கு நீ தபால்காரரை நடக்க விடுத. சரி, நானும் விடுதேன்.

பேப்பர்க்காரர் வந்தப்ப உன் பேரைச் சொல்லத்தான் செஞ்சேன். எம் மச்சினன், பெரிய படிப்பு, அவன் ஆரம்பிச்சு வெச்சதுன்னேன். அவரும் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கிட்டாரு. அச்சுல காணும். அதுக்கு நான் பேப்பர் ஆபீசு வாசல்ல போயி உக்காரவா? இன்னொண்ணு, தகரத்துல சொட்டுனதை முதல்ல பாத்தது நானு. "மாப்ளே, இது என்னலே கறுப்பா வடியுது"ன்னு உன்னைக் கூப்பிட்டதும் நானு. என்னன்னு சொன்னது நீ. ரெண்டும் வேணும்லா.

ஆஸ்பத்திரியில சொன்னது நெசம். தவசிமுத்து பொஞ்சாதி மாரியாத்தாள் என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, "என்னத்தய்யா ஊத்துனீய, எம் புருசன் கையில என்னத்த ஊத்துனீய"ன்னு கேக்கா. என்ன சொல்ல? வாத்தியார் எண்ணெய்னு சொன்னேன். நம்ம மில்லுல அதுக்கு அதுதான் பேரு. இப்பமும் அதுதான் பேரு. நீ வேற பேரு வேணும்ங்கிற.

இப்ப உள்ளதைச் சொல்லுதேன், கேளு. நான் சும்மா இருக்கல. பழைய மாதிரி டிரம்முல தூளை அடைச்சு அடியில தீ மூட்டுறது இல்ல. கடலை எண்ணெய் ஆட்டுற மிசின் திருகு ஒண்ணு பழசா வாங்கி, அதை வெச்சுக் காஞ்ச தூளைக் கொஞ்சங் கொஞ்சமா கொதிக்கிற மணல்ல தள்ளுதேன். தூளு விழுந்த மறுநொடி ஆவி. அதை உடனே பச்சத்தண்ணிக் குழாயில குளுர வெச்சுருதேன். நூறு கிலோ தூளுக்கு அம்பது கிலோவுக்கு மேல எண்ணெய் நிக்கிது. முன்ன மாதிரி தண்ணி தனியாப் பிரியல. மிச்சம் விழுற கரியும் வாயுவும் மணலைச் சூடாக்கப் போதும். வெளியில இருந்து ஒரு சிராய் விறகு வாங்கல. கான்சாபுரத்துல பட்டுப்போன மாமரம் எம்புட்டு வருதோ அம்புட்டும் பலகை போக, தூளெல்லாம் எண்ணெய்.

வெளுப்புப் பட்டறைக்காரங்களே வந்து கேட்டாங்க. அணில் சரணாலயம் வந்த பொறவு மலை விறகு இறங்கல. பேண்டேஜ் துணி வெளுக்க நீராவி வேணும். மார்ச் 16, புதன்கிழமை காலையில சோதனை. சரியா எரிஞ்சா வருசம் பூரா நம்ம எண்ணெய்தான்.

பாய்லர்ல நிக்கப்போறது தவசிமுத்து. ஆமா, அவனேதான். ரெண்டு விரல் மடங்காது, ஆனா பாய்லரை வேற ஆளுக்கு விடமாட்டேங்கான். "ஒருதடவ அது என்னைப் பாத்துட்டு, இந்தத் தடவ நான் அதைப் பாக்கேன் மொதலாளி"ங்கான்.

அன்னைக்கு எண்ணெய் பீச்சுற நாசில் அடைச்சது தூசியாலதான். இப்ப ரெண்டு வலை வெச்சு வடிகட்டுதேன். பாய்லருக்கு வழக்கமா ஊத்துற பர்னஸ் ஆயிலுக்கு ஏத்துற சூட்டை விட இன்னும் நாலு டிகிரி கூட ஏத்தி, தண்ணியா ஓடவிடலாம்னு இருக்கேன். அடைப்புங்கிற பேச்சே வராது.

நீயும் வா.

ஐயாதுரை

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
21.2.1994

அத்தான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இரண்டு வார்த்தை அழைப்பு இருக்கிறது. போனமுறை லாரி டிரைவர் வாயில் வந்தது. இந்த முறை இருபத்தைந்து வரிக்குப் பின்னால், இலையில் கடைசியாக வைக்கும் அப்பளம்போல் வந்திருக்கிறது.

திருகு வைத்துத் தூளைச் சிறிது சிறிதாகத் தள்ளவேண்டும், ஆவியை உடனே குளிரவைக்கவேண்டும் என்று நான் 1986இல் உங்கள் மில் சுவரில் கரியால் படம் வரைந்து காட்டினேன். வெள்ளையடித்திருப்பீர்கள். எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள் செய்துமுடித்தது பெரிய காரியம்தான்; அதை மறுக்கமாட்டேன். நூற்றுக்கு ஐம்பது என்பது நல்ல கணக்கு. படித்தபோது, ஒளிப்பானேன், எழுந்து இரண்டு முறை அறைக்குள் நடந்தேன். என் வீட்டுக்காரி பிச்சையம்மாள், "என்ன, அவிய வாரேன்னு எழுதியிருக்காவளா?" என்று கேட்டாள். இல்லை, அவர் எண்ணெய் வந்திருக்கிறது என்றேன்.

ஆனால் ஒன்று. வலை வைத்தால் தீரும் என்கிறீர்கள். வலையால் தீராது.

அந்த எண்ணெயைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாமே 1987இல் பாய்லருக்கு நான் எழுதிக்கொடுத்த செய்முறைத் தாளில் இல்லை. சோதனைக்கு முன்னால் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைக் கேட்கிறவர் நேரில் வந்து கேட்கட்டும். நீங்களும் அக்காவும் முறையாக வாருங்கள். டிரம்மில் பெயர் எழுதுவதற்கும் ஒரு முடிவு சொல்லுங்கள். பிறகு நான் சொல்கிறேன்.

இதைப் பிடிவாதம் என்று நினைப்பீர்கள். இருபத்து மூன்று வருஷமாக வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு ஆறு வருஷம் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர் தலைமையாசிரியர் நாற்காலியில் இருக்கிறார். என் பாடத் தேர்ச்சியைச் சொல்லித்தான் அவர் மேடையில் மாலை வாங்குகிறார். எனக்குத் தெரிந்ததை யாரும் கேட்காமலே கொடுத்துக் கொடுத்து என்ன கண்டேன்? இனி கேட்கிறவருக்குத்தான்.

16ஆம் தேதிக்கு இன்னும் இருபத்து மூன்று நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
சு. சுயம்புலிங்கம், எம்.எஸ்ஸி.

*

(தபால் அட்டை)

ராஜபாளையம்
24.2.94

மாப்பிள்ளைக்கு,

நேத்து உன் தெருவுக்கு வந்தேன். நான் மட்டுந்தான் வந்தேன். உங்க அக்காளுக்குக் காய்ச்சல், அவ வரலை. கையில ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்துச்சு. சன்னல் வழியாத் தெரிஞ்ச. சிவப்பு மையில பரீட்சை நோட்டு திருத்திக்கிட்டு இருந்த. "மாப்ளே"ன்னு கூப்பிட்டேன். தலையைத் தூக்கல. காதுல விழலையோ, விழுந்தும் எழும்பலையோ, அது உனக்குத்தான் தெரியும். பழத்தைப் பஸ் ஸ்டாண்டுல ஒரு பொம்பளைக்குக் கொடுத்துட்டு வந்துட்டேன்.

இனி கேக்க வரமாட்டேன். உனக்குத் தெரிஞ்சதை நீயே வெச்சுக்க.

ஐ.

*

ராஜபாளையம்
3.3.94

மாப்பிள்ளைக்கு,

எழுதக்கூடாதுன்னுதான் இருந்தேன். அட்டை போட்ட மறுநாளு உங்க அக்கா என்கூடப் பேசுறதை விட்டுட்டா. சோறு வைப்பா, குழம்பு ஊத்துவா, முகத்தைப் பாக்க மாட்டா. "நான் என்னட்டி செஞ்சேன், போயிட்டுத்தான வந்தேன்"னு கேட்டா, "ஒருதடவதான கூப்பிட்டீய"ன்னா. அம்புட்டுத்தான் சொன்னா. உங்க குடும்பத்து ஆளுகளை எத்தனை தடவ கூப்பிடணும்னு முதல்லயே ஒரு தாள்ல எழுதிக் கொடுத்திருக்கலாம்.

ஆனா இப்ப எழுதுறது அதுக்காக இல்ல.

நேத்துச் சாயங்காலம் தவசிமுத்து மில்லுக்கு வந்தான். சோதனைக்கு எல்லாம் தயாரான்னு பேசிக்கிட்டு இருந்தோம். பேச்சுவாக்குல, "வாத்தியாருக்கு இன்னும் ஏதோ தெரியுமாம், சொல்ல மாட்டேங்காரு"ன்னு உளறிட்டேன். அவன் மடியில இருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தான். உள்ள நீ அன்னைக்கு எழுதிக் கொடுத்த தாளு. எண்ணெய்க் கறை படிஞ்சு, மடிப்பெல்லாம் கிழிஞ்சு, மாரியாத்தாள் பின்னால துணி வெச்சுத் தைச்சிருக்கா. ஆஸ்பத்திரியில இருக்கும்போதும் தலைமாட்டுலதான் கெடந்துச்சாம்.

"மொதலாளி, இதுல என்ன எழுதியிருந்துச்சோ அதைத்தான் நான் செஞ்சேன். ஒண்ணுகூட விடல. பின்ன ஏன் அடைச்சுது?"ன்னான்.

"தூசிடே"ன்னேன்.

"தூசி இல்ல. நான் துணியில வடிகட்டுனேன், நாலாம் நம்பர்ல அப்படித்தான் போட்டிருக்கு. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இங்க பாருங்க. ஆறாம் நம்பருக்குப் பொறவு எட்டாம் நம்பர் வருது. ஏழு எங்க?"

நான் வாங்கிப் பாத்தேன். ஆமா மாப்பிள்ளை. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, எட்டு, ஒம்பது. அன்னைக்கே நானும் பாத்த ஞாபகம் வருது. கையெழுத்துக் கீழ எம்.எஸ்ஸின்னு போட்டிருந்துச்சு. படிச்சவரு அவசரத்துல நம்பரைத் தப்பா போட்டுட்டாரு, அதைப் போயி எட்டாவது படிச்சவன் சுட்டிக்காட்டுனா நல்லாவா இருக்கும்னு விட்டுட்டேன்.

"நீ அன்னைக்கே பாத்தியாலே?"ன்னு கேட்டேன்.

"பாத்தேன்."

"பின்ன ஏன் கேக்கல?"

"வாத்தியாரு எழுதுனதுல தப்பு இருக்குன்னு நான் எப்படிக் கேக்க? அவிய என்ன நெனைப்பாவ?"ன்னான். பொறவு, "இப்பம் கேக்கேன். கை போனவன் கேக்கலாம்லா"ன்னு சொல்லிச் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல.

நீ போன கடுதாசியில எழுதுனதை எடுத்து மறுபடி படிச்சேன். எல்லாமே தாள்ல இல்லைன்னு நீயே எழுதியிருக்க. நான் முதல்ல அதைப் பெருமைப் பேச்சுன்னு நெனச்சேன். இப்பம் வேற மாதிரி தோணுது. என்ன தோணுதுன்னு எழுத மாட்டேன். அந்தத் தாளை இதுகூட வெச்சு அனுப்புதேன். தவசி கொடுக்கவே மாட்டேன்னான். வாத்தியார் பாத்துட்டுத் திருப்பித் தருவாருன்னு சொல்லித்தான் வாங்குனேன்.

உன் பேரு பத்தி. பெயிண்டர் நேத்தே வந்துட்டுப் போயிட்டான். எட்டு எவர்சில்வர் டிரம்முலயும் எழுதியாச்சு. கண்டுபிடிப்பு: சு. சுயம்புலிங்கம், எம்.எஸ்ஸி. பச்சை பெயிண்டுல, ஒரு முழ நீளத்துக்கு. உங்க அக்கா வந்து நின்னு புள்ளி வைக்கிறதெல்லாம் சரியான்னு பாத்தா. என் பேரு எங்கயும் இல்ல. திருத்தம் போடச் சொல்லிப் பேப்பருக்கும் எழுதிட்டேன். இதுக்கு நீ பதில் ஒண்ணும் செய்ய வேண்டாம். நீ கேட்ட, உனக்குச் சேரவேண்டியது, செஞ்சேன்.

16ஆம் தேதி மாத்த முடியாது. பட்டறையில மத்த பாய்லரை நிறுத்தி இடம் பண்ணி வெச்சிருக்காங்க. தவசி நிப்பான். நானும் அவன் பக்கத்துல நிப்பேன். அன்னைக்கு நான் ஆபீஸ் ரூமுல காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தேன். இந்தத் தடவ பக்கத்துல நிப்பேன்.

ஏழு எங்க மாப்பிள்ளை?

ஐயாதுரை

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
6.3.1994, ஞாயிறு

அத்தான் அவர்களுக்கு,

ஏழு என்னிடம் இருந்தது.

முதலில் வேலை. இதைப் படித்ததும் தவசிமுத்துவைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

இந்த எண்ணெயைச் சூடாக்கக் கூடாது. பர்னஸ் ஆயில் சூடு ஏற ஏற இளகும். இது முதலில் சற்று இளகுவதுபோல் காட்டிவிட்டு, எண்பது டிகிரியைத் தாண்டினால் தானாகவே இறுகத் தொடங்கும். பாலைக் காய்ச்சக் காய்ச்சப் பால்கோவா திரள்வதுபோல் குழாய்க்குள்ளேயே திரண்டுவிடும். பிறகு கோந்து, அதன்பிறகு கரி. எந்த வலையும் அதைத் தடுக்காது. வலையைத் தாண்டிய பிறகுதான் அது கெட்டியாகிறது. 1987இல் தவசிமுத்து செய்தது, பர்னஸ் ஆயிலுக்கு வழக்கமாகச் செய்வதுபோல் ஹீட்டரை நூறுக்கு மேல் வைத்தது. அவர் மேல் தவறில்லை. நீங்கள் இப்போது அதற்கும் மேலே நான்கு டிகிரி வைக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகும் நான் உங்களிடம் வெற்றிலை பாக்கு கேட்டு எழுதினேன். அந்தக் கடிதத்தைக் கிழிக்கவேண்டாம். வைத்திருங்கள்.

செய்யவேண்டியது இது. ஹீட்டரின் இணைப்பையே கழற்றிவிடுங்கள். ஐம்பது டிகிரி போதும்; மார்ச் வெயிலில் டிரம்மைக் காலையிலிருந்து வெளியே வைத்திருந்து, வெந்நீர்ச் சுருளில் ஒருதரம் ஓடவிட்டால் அந்தச் சூடு வந்துவிடும். முதல் அரைமணி டீசலில் எரித்துப் பாய்லரின் உட்சுவர் சிவக்கும்வரை காத்திருங்கள். பிறகு டீசலை மூடி, குழாயில் ஸ்பிரிட் விட்டுக் கழுவிவிட்டு எண்ணெய்க்கு மாற்றுங்கள். டீசலும் இதுவும் ஒன்றோடொன்று சேராது. நிறுத்தும்போதும் ஸ்பிரிட்டால் கழுவாமல் நிறுத்தக் கூடாது. பர்னஸ் ஆயிலில் பாதிக்கும் குறைவான அனல்தான் இதில் இருக்கிறது, அதனால் இரண்டு பங்குக்கு மேல் எண்ணெய் வேண்டும். நாசில் துளை பெரிதாக இருக்கவேண்டும். எவர்சில்வர் நாசில். நீராவி அழுத்தமானி முதலில் மெதுவாகத்தான் ஏறும். பதற வேண்டாம். ஏறும். நான் ஆய்வகத்தில் பார்த்திருக்கிறேன். எதற்காகவும் அழுத்தம் இருக்கும்போது பர்னரைத் திறக்கக் கூடாது.

இவற்றில் பலவும் பழைய தாளில் இருப்பவைதான். சூட்டைப் பற்றியது மட்டும் இல்லை. அதுதான் ஏழு.

எப்படி விட்டுப்போனது என்று நீங்கள் எழுத மாட்டேன் என்றீர்கள். நானே எழுதுகிறேன். அன்று லாரி டிரைவர் வாசலில் நின்று, "நாளைக்கு டெஸ்டாம், தாளு வாங்கிட்டு வரச்சொன்னாவ, உங்களையும் வரச்சொன்னாவ" என்றார். நான் உட்கார்ந்து எழுதினேன். ஆறு வரை எழுதினேன். ஏழு என்று போடப்போகும்போது எனக்கு அந்த நினைப்பு வந்தது. இதையும் எழுதிக் கொடுத்துவிட்டால் என்னை எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்? எண்ணை விட்டுவிட்டு எட்டு எழுதினேன். ஒன்பது எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். எண் விடுபட்டிருப்பதைப் பார்த்துக் கேட்பீர்கள், கேட்க நேரில் வரவேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். மறுநாள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். தெருவில் கார் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து பார்த்தேன். நான்கு மணிக்குச் செய்தி வந்தது.

பாய்லர்க்காரர் கேட்டிருக்கவேண்டும், நீங்கள் கேட்டிருக்கவேண்டும் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் சொன்ன வார்த்தையை அதற்குத்தான் பத்திரமாக வைத்திருந்தேன். அந்த வார்த்தை இருக்கும்வரை நான் குறைப்பட்டவன். குறைப்பட்டவனை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பீரோவில் ஒரு சோதனைக் குழாயும் இருக்கிறது. 1987 ஆடியில் நான் அந்த எண்ணெயைத் தொண்ணூறு டிகிரியில் வைத்துப் பார்த்தது. கலக்கிய கண்ணாடிக் கம்பி அதற்குள் அப்படியே நின்றுவிட்டது. இன்றுவரை பிடுங்க வரவில்லை. யாராவது சந்தேகப்பட்டால் எனக்கு முன்பே தெரியும் என்று காட்டுவதற்கு வைத்திருந்தேன். அதே குழாய் எனக்கு எதிரான சாட்சி என்பது நேற்று தவசிமுத்துவின் தாளை மேஜையில் விரித்தபோதுதான் உறைத்தது. மாரியாத்தாள் துணி வைத்துத் தைத்த தையல் மிக நேராக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்று சன்னலில் நீங்கள் கூப்பிட்டது காதில் விழுந்தது. இரண்டாவது தடவை கூப்பிடுவீர்கள் என்று காத்திருந்தேன். அக்கா என்னை அறிந்தவள்.

இதனால் உங்கள்மேல் உள்ள குறையெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். திருகுப் படம் நான் வரைந்ததுதான். லாரி டிரைவரிடம் சொல்லி அனுப்பியது மரியாதை அல்ல. இரண்டையும் நேரில் பேசுவோம், நான் விடமாட்டேன். ஆனால் எண்ணெய் எரியும் அத்தான். அதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. உங்கள் திருகும், மணலும், இந்தச் சூட்டு அளவும் சேர்ந்தால் அந்தப் பாய்லர் மதியத்துக்குள் முழு அழுத்தத்துக்கு வந்து நிற்கும். மலை விறகு இனி வேண்டாம் என்று பட்டறைக்காரர்கள் அவர்கள் வாயாலேயே சொல்வார்கள்.

16ஆம் தேதி காலை ஆறு மணி பஸ்ஸில் வருகிறேன். யாரும் அழைக்க வர வேண்டாம். பாய்லருக்கு முன்னால் மூன்று பேர் நிற்க இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வையுங்கள். தவசிமுத்துவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். அவர் தாளையும் அந்தச் சோதனைக் குழாயையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுக்கிறேன்.

டிரம்மில் எழுதியதை அழித்துவிடுங்கள். பணிவுக்காகச் சொல்லவில்லை. அந்தப் பெயரை எத்தனை வருஷமாகக் கேட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். மில்லில் எல்லாரும் கூப்பிடுகிற பெயர் போதும். அதை எழுதவும் வேண்டாம்.

இத்துடன் தனித் தாளில் ஒன்று முதல் ஒன்பது வரை எழுதி வைத்திருக்கிறேன். ஏழு அதன் இடத்தில் இருக்கிறது. பாய்லர் சுவரில் கண்மட்டத்தில் ஒட்டுங்கள். அடியில் பெயரோ பட்டமோ இல்லை. பழைய தாளில் ஏழுக்கு விடாத இடத்தை என் கையெழுத்துக்கு விட்டிருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துத்தான் கேட்காமல் போனீர்கள். பெயரில்லாத தாளில் ஓர் எண் விடுபட்டிருந்தால் யார் வேண்டுமானாலும் கேட்பார்கள்.

பிச்சையம்மாள் உறைக்குப் பசை தடவிக்கொண்டு நிற்கிறாள். "அடியில ஒண்ணும் போடலியே, மறந்துட்டீயளா? எம்.எஸ்ஸி எங்க?" என்கிறாள். மறக்கவில்லை. இந்தக் கடிதத்தையும் கையெழுத்து இல்லாமலே தபாலில் போடுகிறேன்.